பதினோரு பேருக்காக

கொட்டாம்பட்டியில் நைட்டி தைக்கும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறார் இசைவாணி. பன்னிரண்டு பெண்கள் அவரிடம் தைக்கிறார்கள். காலையும் மாலையும் ஒரு வேன் ஊர் ஊராகப் போய் அவர்களை ஏற்றி இறக்கும்.

அவர்களில் சோணையம்மாள் ஒருவருக்காக மட்டும் அந்த வேன் மெயின்ரோட்டை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை வழியாக அவர் வீடு வரை போய்த் திரும்பும். நாற்பது நிமிடம் ஆகும். மற்ற பதினோரு பேரும் அதுவரை உள்ளேயே இருக்க வேண்டும். அவர்களுடைய பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து காத்துக் கிடக்குமே என்று இசைவாணி நினைத்தார். ஒருவருக்குச் சிரமம், பதினோரு பேருக்கு நிம்மதி. எப்படிப் பார்த்தாலும் நியாயமாகத்தான் பட்டது.

"அக்கா, நாளையிலருந்து ரோட்டு முக்குலயே ஏறி இறங்கிக்கிறீங்களா? மத்தவுகளுக்கு நேரமாகுது."

"சரி தாயி. எல்லாருக்கும் நல்லதுன்னா சரிதான்."

சோணையம்மாளுக்கு முழங்கால் வலி உண்டு. அது இசைவாணிக்குத் தெரியும். தெரிந்தும் அதை யோசிக்காமல் தள்ளிவிட்டார்.

மூன்றாவது வாரம் மழை பெய்தது. ரோட்டுக்கு நடந்து வரும்போது கரையில் வழுக்கி விழுந்த சோணையம்மாளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

செய்தி வந்த அன்று தையல் மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. தைக்கிறவர்களில் சரண்யாதேவிதான் எழுந்து கேட்டாள்.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களாக்கா?"

"உங்களுக்காகத்தானே செஞ்சேன்."

"பிள்ளைகள அத்தைமாருக பாத்துக்கிருவாக. வீட்டுக்குப் போனா அடுப்படிதான். அந்த நாப்பது நிமிசந்தான் நாங்க உக்காந்து பேசிச் சிரிக்கிற நேரம். அம்புட்டுப் பேரும் சோணக்கா வீட்டு வரைக்கும் போயிட்டுத்தான் வந்திருப்போம்."



வேன் மறுபடியும் கண்மாய்க்கரைப் பாதையில் போனது. ஆனால், கட்டுப் பிரித்த பிறகு சோணையம்மாளின் கை முன்போல் மடங்கவில்லை. துணியைப் பிடித்து ஓட்ட வராது. நூல் பிசிறு வெட்டும் வேலை கொடுத்தார் இசைவாணி. ஒரு வாரம் வந்த சோணையம்மாள், "சும்மா உக்காந்திருக்க மாதிரி இருக்கு தாயி" என்று வேலையை விட்டு நின்றுகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இசைவாணி அவரைப் பார்க்கப் போகிறார். சோணையம்மாள் இடது கையால் டீ ஆற்றித் தருவார்.

"உன் மேல தப்பில்ல. நானுந்தானே சரின்னேன்."

அந்தப் பேச்சுதான் இசைவாணியின் மனதை ஆறவிடவில்லை. கூலிக்கு நாற்று நட்ட இசைவாணியின் அம்மாவும், வயல்காரர் எதைச் சொன்னாலும், வேலை போய்விடும் என்ற பயத்தில் சரி என்றுதான் சொல்வார்.