கழுத்துவரை அணைத்த கடலைத்தோல்

ரத்னம்மா மண் அணைத்த கடலைச் செடி சாய்ந்து நான் பார்த்ததில்லை. நாகலாபுரத்தைச் சுற்றி யார் வேர்க்கடலை போட்டாலும், விதைத்த நாற்பதாம் நாள் முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிடுவார்கள். களைக்கொத்தால் மண்ணை இழுத்து, இடது கையால் செடியின் கழுத்தோடு சேர்த்து ஒரு அமுக்கு. பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணுக்குள் போனால்தான் காய் பிடிக்கும், அதற்காகத்தான் அந்த அணைப்பு. முப்பது வருஷமாக அந்தக் கை இதைச் செய்கிறது, எல்லாம் அடுத்தவன் நிலத்தில்.

நான் தாமோதரன். மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவது தொழில். புத்தூரிலிருந்து சத்தியவேடு வரை எந்த நர்சரி கூப்பிட்டாலும் பிளேடும் பிளாஸ்டிக் நாடாவுமாகப் போய் நிற்பேன். போன வருஷம் ஆடியில் ரத்னம்மா வந்து, "அண்ணா, நானே நர்சரி போடப் போறேன். நீதான் ஒட்டுக் கட்டித் தரணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று சென்ட்தான் அவள் ஆஸ்தி.

"மொதலாளியம்மா ஆவப் போறியா?" என்று சீண்டினேன்.

"ஆவக் கூடாதாண்ணா? முட்டி ரெண்டும் போய்க்கினு இருக்குது. இன்னும் எத்தினி வருசம் அடுத்தவன் நெலத்துல குனிஞ்சிக்கினு இருக்கிறது? இந்தக் கன்னுங்க நின்னுட்டா, அப்புறம் நான் கூலிக்குப் போவ மாட்டேன்."

அறுநூறு கவர்களில் மண்ணும் எருவும் நிரப்பி, மாங்கொட்டைகளை முளைக்க வைத்திருந்தாள். இரண்டே நாளில் ஒட்டுக் கட்டிக் கொடுத்தேன். துளிர்த்தும் விட்டது. காளஹஸ்தி பக்கம் தோப்பு வைக்கப் போகிற நாகபூஷணம் வந்து பார்த்தார். "அடுத்த ஆடிக்கு மொத்தமா நானே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சித்திரையில் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். அவள் குடம் குடமாகச் சுமந்தாள். கவருக்குள் களை வேறு. ஒருநாள் அந்த வழியாகப் போன நான் வண்டியை நிறுத்தாமலே கத்தினேன்: "கடல ஒடைக்கிற மில்லுல தோலு கெடக்குது. கொண்டாந்து கவர் வாயில மூடாக்குப் போடு ரத்னம்மா. ஈரம் காயாது, களையும் வராது."

யோசனை தப்பில்லை. பெரிய நர்சரிகளிலும் மூடாக்குப் போடுகிறார்கள். ஆனால் மெல்லிசாக, தண்டிலிருந்து இரண்டு விரல் தள்ளி. அதை நான் சொல்லவில்லை. இதெல்லாம் யாருக்குத்தான் தெரியாது என்ற மிதப்பு எனக்கு.

ஒரு வாரம் கழித்துப் போனபோது ரோட்டிலிருந்தே பார்த்தேன். எல்லாக் கவரிலும் தோல் கூம்பாக நின்றது. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் போதுகிறது என்றாள். "ஜோரா இருக்குது" என்றேன். இறங்கிக் குனிந்து பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் மூன்று நாள் மழை பிடித்துக்கொண்டது. தோல் ஊறிப்போயிற்று. அதற்கு மேல் வெயில் சுட்டது. இலை தொங்க ஆரம்பித்ததும், தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அவள் இன்னும் ஊற்றியிருக்கிறாள். எனக்கு ஆள் அனுப்பியபோது பாதிக் கன்றுகள் மஞ்சளாகியிருந்தன.

ஒரு கவரில் தோலை விலக்கினேன். ஒட்டுக் கட்டிய இடம்வரை குவித்து அமுக்கியிருந்தது. தண்டின் கழுத்தில் வெள்ளை வெள்ளையாக நூல், நடுவே கடுகு மாதிரிப் பழுப்பு மணிகள். தொட்டதும் பட்டை வேகவைத்த கடலைத்தோல் போல வழுக்கிக்கொண்டு வந்தது.

"இது கடலச் செடிக்கு வர்ற நோவாச்சேண்ணா! மாங்கன்னுக்கு எப்டி வந்துச்சி?"

"தோலோட வந்திருக்கும். கழுத்த மூடிட்ட பாரு, உள்ள புழுங்கி அழுவிடுச்சி. தண்ட விட்டுத் தள்ளிப் போட்டிருக்கணும்மா."

அவள் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செடின்னா அணைக்கணும்னுதானண்ணா எனக்குத் தெரியும்" என்றாள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை. என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து அறுநூறு கவரிலும் தோலை வாரி எடுத்தோம். ஆடி பிறந்தபோது நாற்பது கன்று நின்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

நாகபூஷணம் வந்தார். வரிசையாக நடந்து பார்த்துவிட்டு, "நாப்பது கன்னுக்கு நான் எப்டிம்மா வண்டி அனுப்புறது?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை, அவர் சொன்னது நியாயம்தான். அந்த நாற்பதும் மாதம் முடிவதற்குள் போய்விட்டன. நோய் பிடித்த மண் ஆகாது என்று நான்தான் சொன்னேன். அவளே கவர்களைக் கொட்டி எரித்தாள்.

ஆவணியில் நாகலாபுரம் ரோட்டில் போனபோது, கோபிகிருஷ்ணனின் கடலை நிலத்தில் ரத்னம்மா மண் அணைத்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை வண்டியை நிறுத்தி வரப்பில் இறங்கினேன். கோபிகிருஷ்ணன் என்னைப் பார்த்ததும், "ரத்னம்மா கை பட்டா ஒரு செடி சாயாதுப்பா, எவ்ளோ அழகா அணைக்குது பாரு" என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் நிமிரவில்லை. மண்ணை இழுத்தாள், செடியின் கழுத்தோடு அமுக்கினாள்.

"அங்கயும் இப்டித்தாண்ணா அணைச்சேன்" என்றாள்.

அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.