படகில் நான்கு இடம்

கல்பாக்கத்துக்கு அருகே, மீனவர் குப்பத்துப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். படகில் நான்கு இடம், நான்கு பேர். எத்தனை விதமாக உட்காரலாம் என்று எட்டாம் வகுப்பில் கேட்டேன். விடை இருபத்துநான்கு. ஒரு பெண் மட்டும் ஆறு என்று எழுதியிருந்தாள்.

“எஞ்சினாண்ட எப்பவும் அப்பாதான் குந்துவாரு மிஸ். மீதி மூணு பேருதான் மாறி மாறி குந்துவாங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. “கணக்குல உங்கப்பால்லாம் கெடையாது” என்று அதட்டி, தப்புப் போட்டேன்.

தை மாதம் அவள் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். காரியம் முடிந்து அவள் வந்தபோது திருப்புதல் தேர்வு. அதே கணக்கைக் கொடுத்திருந்தேன். மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இருபத்துநான்கு வரிசைகளையும் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். எஞ்சின் பக்கத்தில் நான்கு பேரும் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்ட விடை அதுதான். முழு மதிப்பெண் போட்டேன்.