கலக்கக் கூடாத காற்று

வேன்காரர் காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் குந்த வைத்து உட்கார்ந்து எழுவார். பேனா மாதிரி ஒரு அளவுமானி எப்போதும் அவருடைய சட்டைப் பையில் இருக்கும். வால்வு மூடியைக் கழற்றி வாயில் கடித்துக்கொண்டு, மானியை வைத்து அழுத்தி, வெளியே வரும் குச்சியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். குன்னத்தூரில் காலை ஏழு மணி வெயிலில் அவர் அப்படி உட்கார்ந்திருந்த காட்சி போன வாரத்திலிருந்து எனக்கு அடிக்கடி வருகிறது. பத்து வருடங்களுக்கு மேல் அவரை நினைத்ததே இல்லை.

அப்போது நாங்கள் குன்னத்தூரில் குடியிருந்தோம். முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் பகுதிக்கு நான் பொறுப்பாளர். எங்கள் பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேரை ஏற்றிக்கொண்டு போகும் கம்பெனி வேனை அவர் ஓட்டினார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவர் சக்கரம் பார்த்து முடிக்கும்வரை வேனுக்குள் எல்லோரும் நெளிந்துகொண்டிருப்போம். ஐந்து நிமிடம் தாமதமானாலும் பஞ்ச் கார்டில் சிவப்பு மை விழும்.

"டாக்டரு நாடி பாக்கறாருங்க, சத்தம் போடாதீங்க" என்று பின் சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள்.

"ஜுரம் எத்தனைங்க டாக்டரே? ஊசி போடோணுமுங்களா?"

அவர் மூடியை வாயிலிருந்து எடுக்காமலே சிரிப்பார். காற்றுக் குறைந்திருந்தால் நேரே பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பஞ்சர் கடைக்கு வண்டியை விட்டுவிடுவார். யார் என்ன சொன்னாலும் கேட்கமாட்டார்.

ஒருநாள் கத்தியது நான்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆள் பரிசோதனைக்கு வரும் நாள் அது. நான் போய்த்தான் துணிக் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. அவர் கடைக்காரரின் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டுச் சாவகாசமாக நின்றார்.

"ஏனுங்க, வண்டி நல்லாத்தானே ஓடுது? கம்பெனிக்குப் போயிப் பாத்துக்கலாமுங்க" என்றேன்.

"கம்பெனிக்குப் போயிச் சேரோணும்னுதானுங்க இங்கியே பாக்கறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. இருபது நிமிடம் தாமதமாகப் போனோம். மேலாளரிடம் அவரைப் பற்றிப் புகார் சொன்னேன். மேலாளர் அவரைக் கூப்பிட்டுத் திட்டினார். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலக் குந்த வைத்து உட்கார்ந்து நான்கு சக்கரத்தையும் பார்த்தார். எனக்குக் குட் மார்னிங்கும் சொன்னார்.

முதலாளியின் கார் டயர்களில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் நிரப்பியதும் அந்தக் காலத்தில்தான். சக்கரங்களில் அதற்கு அடையாளமான பச்சை மூடிகளைப் பார்த்துவிட்டு வேனில் ஒரே பேச்சு. "நம்ம வண்டிக்கும் பச்சை மூடி போடுங்க டாக்டரே, நாங்களும் மொதலாளி மாதிரி போலாமுங்க" என்று ஒரு பெண் சீண்டினாள்.

"மூடி பச்சையா இருந்தா காத்து எறங்காதுங்களா?" என்றார் அவர். "போன வாரம் மொதலாளி காரைப் பாத்தனுங்க. முன்னால ரெண்டும் கொறஞ்சு கெடக்குது. பச்சை மூடி மாட்டுனதுல இருந்து அந்த டிரைவரு பாக்கறதையே உட்டுப்போட்டாரு."

அன்றைக்கு அவருக்கு ஆதரவாகப் பேசியது நான். வேதியியல் படித்தவள் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. நாம் சாதாரணமாக அடைக்கும் காற்றிலேயே ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்று வேன் முழுவதற்கும் வகுப்பு எடுத்தேன். தனி நைட்ரஜன் ஈரமில்லாமல் இருக்கும், கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான் என்றேன். எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்ன நானே பிற்பாடு என்ன செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் மகளுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. தினமும் காரில் போய் வரத் தொடங்கினாள். அவள் கிளம்பியதிலிருந்து போய்ச் சேர்ந்தேன் என்று சொல்லும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அவினாசி சாலையில் லாரிகள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும் என்று இருந்தது. பெட்ரோல் பங்கில் நைட்ரஜன் பலகையைப் பார்த்ததும் அந்த ஏதாவது கிடைத்துவிட்டது. ஐந்தில் நான்கு பங்கு என்று வகுப்பு எடுத்ததெல்லாம் அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் காருக்கு நைட்ரஜன் அடித்துப் பச்சை மூடிகளை மாட்டி முடித்த ஊழியர், "இதுல சாதா காத்தைக் கலந்துடாதீங்க மேடம், அப்புறம் போட்டதுக்குப் பிரயோஜனம் இல்ல" என்று போகிற போக்கில் சொன்னார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கலக்கக் கூடாது என்ற சொல் என்னைப் போன்றவளுக்குச் சாதாரணமானது இல்லை. சாயப் பட்டறையிலிருந்து வரும் துணிக்கு, எந்தத் தடவை சாயம் ஏற்றியது என்று காட்டும் லாட் எண் உண்டு. ஒரே நிறம்தான், ஒரே சாயம்தான், ஆனாலும் ஒரு லாட்டை இன்னொரு லாட்டோடு கலந்து வெட்டிவிட்டால் தீர்ந்தது. டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் பனியனின் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். இருபது வருடமாகக் கட்டிங் மேசையில் நான் அதிகம் சொன்ன சொல் 'கலக்காதீங்க' என்பதுதான். தூக்கத்தில்கூடச் சொல்வேன் என்று என் கணவர் கேலி செய்வார். அந்தக் கண்டிப்பை அப்படியே டயருக்கும் கொண்டுபோய்விட்டேன். "எங்க கொறஞ்சாலும் நைட்ரஜன் இருக்கற எடத்துலதான் அடிக்கோணும், கண்ணு. சாதா காத்தைக் கலந்துறாதே" என்று மகளிடம் ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். அவள் சரியென்றாள். சின்ன வயதிலிருந்தே சொன்னால் கேட்கிற பிள்ளை. அதைப் பற்றிப் பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை காலையில் மேசையில் துணி விரித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். "அம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலை" என்றுதான் பேச்சே தொடங்கியது. அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. அவள் குரலுக்குப் பின்னால் கல்லில் உளி விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதை வைத்துத்தான், சிற்பப் பட்டறைகள் நிறைந்த திருமுருகன்பூண்டி என்று தெரிந்துகொண்டேன்.

ஆட்டோவில் அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுதப் போவதில்லை. சிற்பப் பட்டறை ஒன்றின் முன்னால், செதுக்காத கல் ஒன்றின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் யாரோ கொடுத்த டீ. சுடிதார் முழுக்கக் கல் தூசி. முகத்தைத் தொட்டேன், தோளைத் தொட்டேன், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்றாள். பின்பக்க இடது டயர் ஓடும்போதே கிழிந்திருக்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுத்ததும் பதறி பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல ஓரம் கட்டியிருக்கிறாள். பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பிக்கொண்டே விலகிப் போயிருக்கிறது. சிற்பிகள் ஓடிவந்து சக்கரங்களுக்கு அடியில் கல் வைத்திருக்கிறார்கள்.

டயர் கடைக்காரர் வந்து சக்கரத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து கறுப்புப் பொடி கை கையாகக் கொட்டியது. ஒரு சின்ன ஆணியையும் காட்டினார்.

"ஆணி ஒண்ணும் பெருசில்லீங்க. நாலஞ்சு நாளா மெதுவா எறக்கியிருக்குது. காத்து கம்மியா ஓட்டி ஓட்டித்தான் டயரோட சைடு வெந்துபோச்சு. வர்ற வழியில எத்தனை பங்கு இருக்குது, எங்கியாச்சும் அடிச்சிருக்கலாமுங்களே?"

"உள்ள இருந்தது நைட்ரஜனுங்க. கலக்கக் கூடாதுன்னு..." என்று இழுத்தேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முன்பு சாயப் பட்டறையில் இருந்தவராம். "காத்துக்கு என்னங்க மேடம், லாட் நம்பரா ஒட்டியிருக்குது?" என்று சிரித்தார். "தாராளமாக் கலக்கலாமுங்க. கலந்தா என்ன, நைட்ரஜனோட சுத்தம் கொஞ்சம் கொறையும். டயருக்கு ஒண்ணும் ஆகாது. காத்து கொறஞ்சாத்தானுங்க ஆளையே கொல்லும்."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "காத்து கொறஞ்சா எரியற மஞ்ச லைட் திங்கக்கெழமையில இருந்தே எரிஞ்சுதும்மா. நம்ம பங்குல நைட்ரஜன் மெஷின் ரிப்பேர்னு எழுதியிருந்துது. மத்த எடத்துலெல்லாம் சாதா காத்துதான். நீதான் கலக்கக் கூடாதுன்னியே, சனிக்கெழமை லீவுல வேற எடத்துல நைட்ரஜன் போட்டுக்கலாம்னு இருந்தேன்."

அதில் குற்றச்சாட்டே இல்லை. நடந்ததைச் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது எனக்கு. நான்கு நாட்கள், போக வர ஏழு முறை, இலவசக் காற்றுக் குழாய்களைத் தாண்டித் தாண்டி என் மகள் என் பேச்சைக் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கிறாள்.

வேன்காரர் ஞாபகத்துக்கு வந்தது அங்கேதான், அந்தக் கல் தூசியில் நின்றபோதுதான். நான் கத்தினேன், மேலாளர் திட்டினார், அவர் கேட்கவே இல்லை. அவர் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவசரக்காரியான என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர் அந்த வண்டியில் இருந்தோம். என் புகார் அவர் வாங்கிய திட்டோடு தீர்ந்துபோனது என்று அதை மறந்தே விட்டிருந்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். "இனிமேல் வண்டி ஓட்டறப்ப தப்பாத் தெரிஞ்சா நான் சொன்னதைப் பாக்காதே சாமி. நீயே முடிவு பண்ணிரு. எங்கிட்ட அப்பறமாச் சொல்லு." அவள் "சரிம்மா" என்றாள். அந்தச் 'சரிம்மா'வும் பழைய சரிம்மா போலவே இருந்ததால் எனக்கு நிம்மதி வரவில்லை.

இரண்டு நாள் தூங்கவில்லை. கண்ணை மூடினால் லாரியின் ஒலிதான், அது நான் கேட்காத ஒலி. புது டயர் போடும்போது கடைக்காரர் நைட்ரஜனா என்று கேட்டார். அதில் ஒரு தப்பும் இல்லை என்று இப்போதும் சொல்வேன். கிடைக்கிற இடத்தில் விருப்பமிருந்தால் போடலாம். கொஞ்சம் நாள் பிடித்து நிற்கும். ஆனால் அதைப் போட்டுவிட்டுப் பார்க்காமல் இருப்பதற்குச் சாதாக் காற்றைப் போட்டு வாரா வாரம் பார்ப்பது எவ்வளவோ மேல். நான் அன்றைக்கு வாங்கியது என் பயத்துக்கு ஒரு மருந்து. டயருக்கு அது தேவைப்படவே இல்லை. சாதாக் காற்றே போதும் என்றேன்.

திங்கட்கிழமை காலையில் அவள் கிளம்பும்போது பங்கு வரைக்கும் நானும் கூடப் போனேன். மற்ற மூன்று சக்கரங்களில் இன்னும் நைட்ரஜன்தான் இருந்தது. அதன் மேலேயே சாதாக் காற்றை அடிக்கச் சொன்னாள். குழாயைப் பிடித்திருந்த ஊழியர் எத்தனை வைக்கட்டும் என்று கேட்டார். "முப்பத்தி மூணு" என்றாள் அவள்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "முப்பத்தாறா வெச்சுக்கோ கண்ணு. சேத்தி இருந்தா நல்லதுதானே" என்றேன்.

"வேண்டாம்மா. கார் கதவு ஓரத்துல முப்பத்தி மூணுன்னுதான் எழுதியிருக்குது."

"கொறையறதுக்குக் கூடுதலா இருக்கட்டுமே."

"கூடுதலா இருந்தா டயரு ரோட்டைப் புடிக்காதும்மா. நீ பேசாம இரு" என்று அவள் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இருபத்து மூன்று வருடங்களில் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஊழியர் குழாயோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பழைய 'சரிம்மா'வை இந்தத் தடவை அவள் சொல்லவில்லை; வியாழக்கிழமையிலிருந்து வராத நிம்மதி அப்போதுதான் கொஞ்சம் வந்தது.

"அவ சொல்றதே வைங்க" என்றேன்.