தூக்கிய கை

ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலைக்கு எங்கள் லைனிலிருந்து ஒருத்திகூடப் போகவில்லை. அதற்கு நிர்வாகம் கண்டுபிடித்த மருந்து, ஒரு வகுப்பு.

ஓசூரில் ஃபோன் பாகங்களைப் பூட்டும் கம்பெனி அது. லைனில் எல்லோரும் பெண்கள். ஊத்தங்கரை, ராயக்கோட்டை, பாகலூர் என்று நாலு பக்கமிருந்தும் வருகிறவர்கள். எங்களை ஏசி ஹாலில் உட்கார வைத்தார்கள். பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர் திரையில் ஒரு சிங்கத்தைக் காட்டி, "ஒரு தலைவர் பின்னால ஜனங்க ஏன் போறாங்க?" என்று கேட்டார்.

"தைரியம் சார்."

"நல்லா பேசணும் சார்."

எல்லாவற்றையும் போர்டில் எழுதினார். என் பின்னால் ஒரு பாகலூர்ப் பெண். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களோடு தமிழ். அவள் மெதுவாகச் சொன்னாள்: "கையத் தூக்குனா வந்து நம்ம எடத்துல உக்காரணும் சார்."

ஹாலே சிரித்தது. அவரும் சிரித்தார். போர்டில் மட்டும் எழுதவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று அங்கே சொல்லப்பட்ட ஒரே சரியான பதில் அதுதான்.

பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும்; ஒருத்தி எழுந்தால் வேலை குவிந்துவிடும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். நம் நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்த பிறகுதான் எழ முடியும். அதற்கென்று கம்பெனி ஆள் வைக்கவில்லை. அப்போது லைன் லீடராக இருந்த ராயக்கோட்டை அக்காதான் வருவார். தூக்கிய கை வலிப்பதற்குள் பக்கத்தில் நிற்பார். "ஓடு கண்ணு, நான் பாத்துக்கறேன். அங்கயே குடித்தனம் வெச்சிராத." அந்த அக்கா ஞாயிறு வரச் சொன்னால், துணி துவைக்கணும், ஊருக்குப் போகணும் என்று ஆயிரம் முணுமுணுத்துவிட்டுப் போய் நிற்போம்.

நிர்வாகத்துக்கு அது பிடிக்கவில்லை. லீடராக இருப்பவர் உட்கார்ந்து ஆபரேட்டர் வேலை செய்யக்கூடாதாம். நடந்து மேற்பார்வைதான் பார்க்க வேண்டுமாம். அக்காவை ஸ்க்ரூ முடுக்கும் நாற்காலிக்கு அனுப்பிவிட்டு, படித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நானும் பிஎஸ்சி முடித்தவள்தான். படிப்பைக் குறை சொல்லவில்லை. கை தூக்கினால் அவர் கையிலிருக்கும் டேப்லெட்டில் மணி பார்ப்பார். "பிரேக்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானேம்மா" என்பார். கெட்டவர் இல்லை. உட்கார மாட்டார், அவ்வளவுதான்.

நாங்கள் தண்ணீர் குடிப்பதை விட்டோம். காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே பஸ்ஸில் வீடு திரும்பியது. புது லீடர் ஞாயிறு வரச் சொன்னபோது யாரும் யாரோடும் பேசிவைக்கவில்லை. போகத் தோன்றவில்லை.

வகுப்பு முடிந்ததும் மேனேஜர் எழுந்தார். "இதுக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்றார், அக்காவைப் பார்த்து. அடுத்த ஞாயிறும் லைன் காலியாக இருந்தால் அக்காவுக்குக் கர்நாடகா யூனிட்டுக்கு மாற்றல். ராயக்கோட்டையிலிருந்து அங்கே கம்பெனி பஸ் கிடையாது. வீட்டில் பள்ளிக்கூடம் போகிற மகள். வேலையை விட்டுப் போ என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

நான் எழுந்துவிட்டேன். "யாரும் தூண்டிவிடல சார். காரணத்த இப்பதானே இந்தப் பொண்ணு சொன்னா?"

"உக்காரும்மா. அதெல்லாம் சின்ன விஷயம்."

சின்ன விஷயமாம். அவர் அறைக்குள்ளேயே பாத்ரூம் இருக்கிறது.

செருப்பு மாற்றும் இடத்தில் அக்கா எங்களைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக எவளும் வராதீங்கடி. ஒரு தடவ பயந்து வந்துட்டா, அப்புறம் எப்பவும் பயமுறுத்துவாங்க."

பாகலூர்க்காரி ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "நீ இப்ப லீடரா என்னா? உம்பேச்ச நாங்க எதுக்குக் கேக்கணும்?"

அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்தார். கண் கலங்கியிருந்தது.

ஞாயிறு வந்தது. ஒரு நாற்காலியும் காலியில்லை. மாற்றல் பேச்சும் அதோடு அடங்கியது. ஆனால் மதியத்துக்கு முன்னால் மேனேஜர் இனிப்புப் பெட்டியோடு லைனுக்கு வந்தார், கூடவே அந்தப் பயிற்சியாளர். புது லீடரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். "ஒரே வகுப்பு. பாத்தீங்களா மாற்றத்த?" என்றார் மேனேஜர். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த ஸ்க்ரூ நழுவி உருண்டது. அக்காவின் வேலை போய்விடக்கூடாது என்பதற்காக வந்தோம். அதைச் சிங்கத்தின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

"இப்பப் புரியுதா, லீடர்னா யாருன்னு?" என்று மேனேஜர் எங்களைக் கேட்டார்.

"புரியுது சார்" என்றோம். ஒருத்திகூடப் புது லீடரைப் பார்க்கவில்லை.

பாகலூர்க்காரியின் கை மட்டும் மேலே இருந்தது. மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "கேளும்மா, என்ன சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல சார். பாத்ரூம்."