அவெரில் ஐயா துடைத்துக்கொண்டே இருந்த முகம்

ஒரு முகத்தை வரைந்து முடிக்க எத்தனை வருஷம் ஆகும்? ஜோப் இதைக் கெசியாவிடம் கேட்ட நாளில், லண்டன் லாம்பெத் பேட்டையில் எங்கள் சந்திலிருந்த ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

கெசியா பட் சலவைக்காரியின் மகள். பதினெட்டு வயதில், துவைத்த சட்டைகளைக் கொடுக்க ஓவியர் அவெரில் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் சட்டைகளை வாங்கவில்லை. அவள் கழுத்தைப் பார்த்து, "அப்படியே நில்லு" என்றார். ஐந்து வருஷம் நின்றாள். பூத்த வாதுமை மரத்தடியில், காதலனின் கப்பலுக்காகக் கடலைப் பார்த்து நிற்கும் கிரேக்கப் பெண், அதுதான் படம்.

அவெரில் கெட்டவர் அல்ல. அழகுக்காகவே உயிர் வாழ்ந்தார், அதுதான் தொல்லை. அழகில்லாத கோப்பையில் தேநீர் குடிக்க மாட்டார். காகிதப் பூவைப் பார்த்து வரைய மாட்டார். நிஜ வாதுமையோ மார்ச்சில் பூத்து, ஒரு காற்றடித்தால் உதிர்ந்துவிடும். வருஷாவருஷம் நடக்கும் ஓவியக் கண்காட்சிக்குப் படம் அனுப்பும் நாளும் அதையொட்டியே வரும். பூ அமைந்த வருஷம் முகம் அமையவில்லை என்பார். முகம் அமைந்த வருஷம் பூ உதிர்ந்துவிட்டது என்பார். அப்புறம் "அடுத்த வசந்தத்தில் பார்ப்போம்" என்பார், ஏதோ அடுத்த வசந்தம் மூலைக் கடையில் கிடைப்பதுபோல.

ஐந்தாவது வருஷம் பூக்கள் ஒருவழியாக முடிந்தன. முகம் மட்டும் பாக்கி. பகலெல்லாம் அதை வரைவார். சாயங்காலம் டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிடுவார்.

"ஏக்கம் பத்தல, கெசியா. நேத்து இருந்தது இன்னைக்கு இல்ல."

"நேத்து பசி, சார். இன்னைக்குச் சாப்பிட்டுட்டு வந்தேன்."

அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த ஜோப் டிரான்டர், ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். விட்ஸ்டபிள் என்ற கடற்கரை ஊரில் தன் ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொள்ள அவன் சித்தப்பா கூப்பிட்டிருந்தார். ஈஸ்டருக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

"நான் சனிக்கிழமை ரயிலேறுறேன், கெசி. நீ வரியா, இல்ல வராத கப்பலுக்கே நிக்கப் போறியா?"

"இப்ப விட்டா வேற எவளோ மூஞ்சிய என் கழுத்துல ஒட்டிருவாரு. அப்ப நான் நின்னதெல்லாம் எதுக்கு?"

"அவரு முடிக்கவே மாட்டாரு."

"முடிக்க வைக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமைதான் படம் அனுப்பவும் கடைசி நாள். மதியமே சுமைவண்டி வாசலுக்கு வந்துவிட்டது. வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் ஜோப் பெட்டியோடு நின்றான்.

"சார், வண்டி வந்துருச்சு."

"நிக்கட்டும். அழகு அவசரப்படாது."

"ரயில் அவசரப்படும், சார்." அவளுக்குப் பொறுமை அத்தோடு போயிற்று. "அஞ்சு வருஷமா கடலைப் பாரு, கடலைப் பாருன்னீங்க. அங்க இருக்கிறது உங்க துணி அலமாரி. அதுல ஒரு கதவு சரியா மூடாது. அதைக்கூட நீங்க இன்னும் சரி பண்ணல."

"பேசாத. அந்தப் பார்வைய மட்டும் விட்டுறாத."

அவர் பேய் பிடித்தவர்போல வரைந்தார். வெளிச்சம் மங்கியபோது பின்னால் நகர்ந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். கை துணியைத் தேடியது.

"புருவத்துல மட்டும் கொஞ்சம்..."

கெசியா மேடையிலிருந்து இறங்கி, துணியைப் பிடுங்கிக் கணப்பில் போட்டாள். அது குப்பென்று எரிந்தது. ஜன்னலைத் திறந்து வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல வந்து தூக்குங்க. மூஞ்சி இன்னும் ஈரம், கை வைக்காதீங்க."

"யாரு மூஞ்சிம்மா?"

"என்னோடதுதான்."

வண்டி கிளம்பியது. அவெரில் தொப்பிகூட இல்லாமல், "புருவம், புருவம்" என்று பின்னாலேயே ஓடினார். கெசியா கிரேக்க உடையின்மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஜோப்போடு ரயிலேறினாள்.

மே மாதம் இருவரும் கண்காட்சியில் படத்தைப் பார்க்க லண்டன் வந்தார்கள். கூட்டம். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட ஏக்கம்" என்றாள்.

ஜோப் குனிந்து பார்த்தான். "ஏக்கமா? நான் லேட்டா வந்தா கதவத் தொறந்து ஒரு பார்வை பாப்பியே, அந்தப் பார்வைதான் இது."

"மெதுவா பேசு. அவங்க அழட்டும்" என்றாள் கெசியா.

ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் அந்தப் புருவத்தைச் சரிசெய்திருப்பேன் என்று அவெரில் இன்றும் புலம்புகிறார். அவரைத் திருத்த முடியாது. ஆனால் அந்தப் படத்தின் முன் யாராவது பெருமூச்சு விடுவதைப் பார்த்தால், நீங்கள் இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். அவள் கப்பலுக்காக நிற்கவில்லை, ரயிலைப் பிடிக்கத்தான் தவித்தாள் என்று சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.