வீ பிரசென்டேஷன்

இந்த ஊரில் பெரிய சாமானைப் பெரியது என்று யாரும் சொல்வதில்லை. இன்று காலை தபால்காரர் கதவைத் தட்டி, "உங்களுக்கு ஒரு வீ பார்சல்" என்றார். ஸ்கொட்லாந்துக்காரரின் பேச்சில் வீ என்றால் சின்னது. வெளியே போய்ப் பார்த்தேன். நெல்மூட்டை அளவில் ஒரு பெட்டி, அவரும் நானும் சேர்ந்துதான் உள்ளே இழுத்தோம். இங்கே மழை கொட்டினால் அது வீ தூறல். மூன்று மைல் நடந்தால் வீ நடை. பக்கத்து வீட்டு மனுசி இடுப்பெலும்பை மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் "ஒரு வீ ஒபரேஷன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். தமிழிலும் வீ என்று ஓரெழுத்துச் சொல் உண்டு, பூ என்று பொருள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது. ஆனால் நான் வந்த புதிதில் பூவும் நினைவுக்கு வரவில்லை, சின்னதும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மூன்றாவது ஒரு வீ. அது என்னை மட்டக்களப்புக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்து ஒன்பது, ஜூன் மாதம். டண்டீ நகரத்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு. முதலில் பத்துக் கிழமை, அதாவது பத்து வாரம், ஆங்கிலம் படித்துப் பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் வந்த வழியே விமானம். நான் வந்தாறுமூலை வளாகத்தில் விவசாயம் படித்து, அங்கேயே தற்காலிகமாகப் படிப்பித்தவள். எனக்கென்ன ஆங்கிலம் தெரியாதா என்ற எண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது, இது வேறு ஆங்கிலம். எதையும் அடித்துச் சொல்லக் கூடாது. "இருக்கக்கூடும்", "எனத் தோன்றுகிறது" என்று மெல்ல நழுவ வேண்டும். (இந்த வித்தை எனக்கு உடனே வந்தது. இருபது வருடம் ஆமிக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் வேறெப்படிப் பதில் சொன்னோம்?) ஒவ்வொரு வரிக்கும் இதை யார் சொன்னது, எந்த ஆண்டு சொன்னது என்று ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது எழுத்துக் களவு. பிளேஜியரிசம் என்ற அந்தச் சொல்லை எங்கள் ஆசிரியை மொய்ரா, வைத்தியர் நோயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொல்வார்.

அந்த முதல் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து ஊரைச் சொன்னோம். நான் "பற்றிக்கலோ, ஸ்ரீலங்கா" என்றதும் பின்வரிசையில் ஒரு பேனை விழுந்த சத்தம். திரும்பினேன். முக்காடு போட்ட ஒருத்தி கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் ஓடி வந்தாள்.

"மட்டக்களப்பில எவடம்?"

"வவுணதீவு. நீங்க?"

"காத்தாங்குடி. றிஸ்மியா. சயன்ஸ் டீச்சர்."

பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் அளந்து பார்த்தோம். எங்கள் மாவட்டத்தாருக்கு அந்தப் பார்வை விளங்கும்: என்னுடையது தமிழ் ஊர், அவளுடையது முஸ்லிம் ஊர், யுத்த காலத்தில் இரண்டுக்கும் ஆகாது. வாவிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். இடையில் தண்ணீரும் ஒரு பாலமும். அவளுடைய ஊரை நான் பஸ் யன்னலால் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் இறங்கியதில்லை. அவள் எங்கள் வயற்கரைப் பக்கம் வந்ததே இல்லை. ஊரில் என்றால் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் இருந்தாலும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போயிருப்போம். இங்கே அவள், "அல்லாவே, தமிழ் கதைச்சு பதினொரு நாளாச்சு புள்ள" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அடுத்த வகுப்பு தொடங்கியதுகூடத் தெரியாமல் கதைத்தாள்.

யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. வகுப்பில் நிக்கோஸ் என்ற கிரேக்கப் பையன் நல்லவன், யாருக்கும் கதவைத் திறந்து பிடிப்பான். அவன் என்னிடம் கைகொடுத்து, "உங்கள் யுத்தம் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள்" என்றான். நான் "தேங்க்யூ" என்றேன். பிறகு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். வெளியே றிஸ்மியா காத்திருந்தாள்.

"ஏன் புள்ள தேங்க்யூ சொன்ன?"

"வேற என்னகா சொல்ற?"

யோசித்தாள். "அதுதானே" என்றாள்.

ஐந்தாவது கிழமை வாசிப்புப் பயிற்சி. ஒரு கட்டுரையை முழுக்கப் படிக்கக் கூடாதாம். ஸ்கிமிங் என்று ஒரு முறை. பந்திக்கு முதல் வரி, கடைசி வரி, நடுவில் கண்ணால் தடவிக்கொண்டு போக வேண்டும். கொப்பியில் அடிக்கோடிட்டு அடிக்கோடிட்டுப் படித்த எனக்கு இது பாவம் செய்வதுபோல இருந்தது. பிறகு ருசி பிடித்துவிட்டது. ஷாம்பூப் போத்தலில் இருந்து வங்கிக் கடிதம் வரை எல்லாவற்றையும் ஸ்கிம் செய்தோம். அந்த வேகத்தில்தான் மொய்ரா வகுப்பு முடியும்போது ஒரு தாளைக் கொடுத்து, "அடுத்த கிழமை ஒரு வீ பிரசென்டேஷன், ஐந்து நிமிடம், பயப்பட ஒன்றுமில்லை" என்றார். எனக்குத் தெரிந்த வீ, ஆங்கிலத்தில் நாம் என்ற வீ. நாங்கள், நானும் றிஸ்மியாவும், சேர்ந்து செய்கிற பிரசென்டேஷன். ஆளுக்கு ஐந்து நிமிடம், இரண்டு பேருக்குப் பத்து. தாளையும் ஸ்கிம் செய்தோம். தனித்தனியாக என்ற சொல் நடுப்பந்தியின் நடுவரியில் இருந்ததாம்.

பிரசென்டேஷன் என்றால் எனக்குப் பயமில்லை. என் முதல் பிரசென்டேஷனைக் கேட்டவர்கள் ஐந்து ஆமிக்காரர். வளாகத்தில் மூன்றாம் வருடம், ஆங்கில வகுப்பில் பேச வேண்டிய நாள். சின்னச் சின்னக் காகித மட்டைகளில் குறிப்பு எழுதிப் பையில் வைத்திருந்தேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பையைக் கிண்டிய சிப்பாய் ஒரு மட்டையை எடுத்து எழுத்துக்கூட்டினான். முகம் மாறியது. அந்த மட்டையில் பெரிய ஆங்கில எழுத்தில் இருந்தது ஒரே சொல்: பொடி. பேச்சுக்கு முன்னுரை, பொடி, முடிவுரை என்று மூன்று பகுதி இருக்க வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். பொடி என்றால் உடம்பு. எங்கள் பக்கத்திலோ பொடி என்றால் பிரேதம்தான்.

"பொடி? கோ பொடி?" என்றான். பொடி எங்கே என்று சிங்களத்தில் கேட்கிறான்.

நான் பதறிப்போய், எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில், "பொடி கம்பஸில் கொடுக்க வேண்டும் சேர்" என்றேன்.

பெரியவரைக் கூப்பிட்டான். அந்த அதிகாரிக்கு ஆங்கிலம் தெரியும். மட்டைகளை வரிசையாகப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, செய்து காட்டு" என்றார். வெயிலில் நின்று, கத்தரிக்காயைத் தாக்கும் பூச்சிகள் பற்றி, முன்னுரை, பொடி, முடிவுரை மூன்றையும் சொன்னேன். பின்னால் சைக்கிளும் கையுமாக நீண்ட வரிசை. "பிள்ள, கெதியா முடிகா, வெயில் சுடுகுது" என்று ஒரு குரல். முடித்ததும் அதிகாரி, "குட். கோ" என்றார். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு வந்தது. செங்கலடி வரைக்கும் அடங்கவில்லை. பக்கத்துச் சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா என் முதுகைத் தடவி, "பயந்திட்டியா மனே?" என்று கேட்டார். அவருக்குத்தான் விளங்கியது.

அதனால் டண்டீயில் நாங்கள் இருவரும் ஏதோ கலியாணத்துக்குப் போவதுபோலத்தான் ஆயத்தமானோம். தலைப்பு: வாவியும் உப்புத்தண்ணீரும். சுனாமி அன்று கடல் எப்படி வந்தது என்பது றிஸ்மியாவின் பங்கு. அவள் கடற்கரை ஊர்க்காரி, அன்று அங்கே இருந்தவள். வாவிக்கு இங்கால், கடல் எட்டாத எங்கள் வயற்கரைக்குச் சனம் ஓடி வந்ததும், வாவி பெருகிக் கரையோர வட்டை வயல்களில் உப்பேறி அடுத்த போகம் நெல் மஞ்சளித்ததும் என் பங்கு. அவளுடைய மட்டைகளை நான் வாசிக்கவில்லை. அவள் வாசிக்கத் தரவுமில்லை. "அது நான் செல்றன். நீ வயலைப் பாரு" என்றாள்.

ஒத்திகைக்கு டே ஆற்றங்கரைக்குப் போனோம். ஆறு அங்கே கடலாக விரிகிறது. காற்றுக்கு மட்டைகள் பறக்கும், கடற்காகங்கள் கத்தும். அவள் "குட் மோர்னிங் லேடீஸ் என்ட் ஜென்டில்மென்" என்பதற்குள் எனக்குச் சிரிப்பு, என் முறை வந்தால் அவளுக்குச் சிரிப்பு. நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று கேட்டார். நான் முடிவுரையில், "எனவே, வாவி தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளக்கூடும் எனத் தோன்றுகிறது" என்றதும், "ஐ, றைட்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவரே சரி என்று சொல்லிவிட்டார் என்று கட்டிப்பிடித்துக்கொண்டோம். "நம்பச் சொல்றியா?" என்பதற்கு இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்று தெரிய இரண்டு வருடம் போனது.

அந்த நாள் வந்தது. என் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போய் நின்றோம்.

மொய்ரா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "ஒவ்வொருவராக."

"நீங்கள்தானே வீ பிரசென்டேஷன் என்றீர்கள்" என்றேன்.

"ஓம். ஒரு வீ பிரசென்டேஷன்."

"ஓம். நாங்கள் வீ."

அவருக்கும் விளங்கவில்லை, எங்களுக்கும் விளங்கவில்லை. நிக்கோஸ் எழுந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் நெருக்கிக் காட்டி, "வீ என்றால் சின்னது" என்றான். வகுப்பு சிரித்து உருண்டது. மொய்ரா மட்டும் சிரிக்கவில்லை. "இரண்டு பேருக்கும் ஒரே பேச்சா?" என்று கேட்டார். நோயின் பெயரைச் சொல்கிற அதே குரல். எழுத்துக் களவு என்றால் வந்த வழியே விமானம். பிறகு பெருமூச்சு விட்டு, "சரி, ஆளுக்கு ஐந்து நிமிடம். தனியாக. முழுவதையும்" என்றார். றிஸ்மியா போய் உட்கார்ந்தாள், மட்டைகளையும் கொண்டு.

நான் தொடங்கினேன். கடல் எழும்பியது என்றேன். அங்கே நின்றுவிட்டேன். அதற்குமேல் என்னிடம் ஒன்றுமில்லை. அன்று நான் பார்த்ததெல்லாம் நனைந்த உடுப்போடு பாலம் தாண்டி வந்த முகங்கள்தான்.

"அலை எவ்வளவு உயரம்?" என்றார் மொய்ரா.

முன்வரிசையில் இருந்து றிஸ்மியா கிசுகிசுத்தாள். "பாதித் தென்னகா, பாதித் தென்ன." பேச்சின் வாலில் ஒட்டுகிற என் 'கா' அவளுக்கும் தொற்றியிருந்தது.

"ஹாஃப் கோகனட்" என்றேன்.

மொய்ரா இரண்டு உள்ளங்கையையும் குவித்து அரைத் தேங்காயைப் பிடித்துப் பார்த்தார். உண்மையாகவே குழம்பிப்போய், "அப்படியென்றால், ஒரு வீ அலையா?" என்றார்.

அந்தச் சொல்லின் பொருள் எங்களுக்குத் தெரிந்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. றிஸ்மியா எழும்பிவிட்டாள்.

"நோ! நொட் வீ! ட்ரீ! கோகனட் ட்ரீ!" கையை முகட்டுக்கு உயர்த்தினாள்.

"இதற்கு ஆதாரம்?" மொய்ராவின் வாயிலிருந்து பழக்கத்தில் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்கிற கேள்வி.

"நான்" என்றாள் றிஸ்மியா. "ஐ ஆம் த சோர்ஸ். நான் மாடியில் நின்றேன். கீழே எங்கள் தெரு இல்லை. என் வாப்பாவின் தொப்பி தண்ணீரில் போனது. முதலில் தொப்பியைத்தான் பார்த்தேன். பிறகு வாப்பாவைத் தேடினேன். ஒன்பது நாள் தேடினேன்."

மொய்ரா எழுந்து பலகைக்குப் போனார். றிஸ்மியாவின் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார். பக்கத்தில் ஆண்டு. அதற்குப் பக்கத்தில், நேரில் சொன்னது. "இதுவும் ஆதாரம்தான். இப்படித்தான் எழுத வேண்டும்" என்றார். பேனையை மூடினார். பிறகு என்னைப் பார்த்து, "தொடருங்கள்" என்றார். நான் தொடர்ந்தேன், பாலம் தாண்டி வந்த முகங்களிலிருந்து.

றிஸ்மியாவின் முறையில் அவள் என் வயல்களைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நெல் எப்படி மஞ்சளித்தது என்று, தன் ஊர் வயல்போலவே சொன்னாள். மொய்ரா வாயைத் திறக்குமுன் என் பக்கம் கையை நீட்டி, "சோர்ஸ்" என்றாள். வகுப்பு மறுபடி சிரித்தது. இந்த முறை மொய்ராவும்.

இருவரும் பாஸ். நேரம் மீறியதற்கு இருவருக்கும் இரண்டு புள்ளி குறைத்திருந்தார். இருவரின் தாளிலும் பச்சை மையில் ஒரே குறிப்பு: வீ, வீ என்கிறீர்கள், யார் அந்த 'நாம்'? எனக்கு நல்ல கேள்வியாகத்தான் பட்டது. தமிழில் நாம் என்றால் கேட்கிறவரும் உள்ளே, நாங்கள் என்றால் அவர் வெளியே. ஊரில் நானும் றிஸ்மியாவும் பிறந்ததிலிருந்து சொல்லி வந்தது நாங்கள்தான். படிப்பு முடிந்ததும் அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள், உம்மா தனி என்று. நான் ஒரு வருடம் என்று நின்று, ஒரு வேலை கிடைத்து, இங்கேயே நின்றுவிட்டேன். ஊருக்குப் போகிறபோது இப்போது காத்தாங்குடியில் இறங்குகிறேன். அவள் வவுணதீவுக்கு வந்து என் அம்மாவோடு சேர்ந்து என்னைத் திட்டுகிறாள், இன்னும் ஏன் அங்கே கிடக்கிறாய் என்று.

ஆனால் தாள் கையில் கிடைத்த அன்று பின்னேரம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. பாஸான வெறியில் பஸ் நிறுத்தத்தில் நின்று, மழைக்குள் ஒரே குடையில், சத்தமாகத் தமிழில் சிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் எங்களை மாறி மாறிப் பார்த்து, "நீங்கள் இரண்டு பேரும் சகோதரிகளா?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றாள் றிஸ்மியா. "நோ" என்றேன் நான். ஒரே நேரத்தில்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். திருத்திக்கொள்ளலாம் என்று மறுபடி வாயைத் திறந்தோம். நான் "யெஸ்" என்றேன். அவள் "நோ" என்றாள்.

அந்த அம்மா குழம்பிப்போய் பஸ்ஸில் ஏறினார். சாரதி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார். பதில் சொல்ல முடியாமல் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து சிரித்தோம். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது.