விரித்த துண்டு

போடியில் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையின் முதலாளி, பெரிய சூரை மீன் பிடிக்க ஆசைப்பட்டுக் கொச்சியில் ஒரு படகை வாடகைக்கு எடுத்தார். குச்சனூர்க்காரர் ஒருவரும் தானும் வரலாமா என்று கேட்டு எங்களோடு ஏறிக்கொண்டார். நரைத்த மீசை, தோளில் புதுத் துண்டு. தூண்டிலை அவர் தொடவே இல்லை. சாப்பிடும்போதெல்லாம் முதல் கவளத்தைப் படகின் விளிம்பில் வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்.

“என்ன பெரியவரே, சனீஸ்வரன் வண்டியத் தேடுறீகளா?” என்று முதலாளி சிரித்தார்.

“காக்கா வருமான்னு பாக்குறேன். எம்மகன் மீன்பிடிப் படகுல வேலைக்கு வந்து, இந்தக் கடல்லதான் விழுந்து செத்தான். உடம்பு கெடைக்கல. வீட்டுல வைக்கிற சோத்தக் காக்கா தொடமாட்டேங்குது.”

சிரிப்பு நின்றது. பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

“படிச்ச பிள்ளை, நீ சொல்லு தம்பி. பெரிய மீனு மனுசனத் திங்குமா?”

“திங்காதுய்யா” என்றேன். எனக்கு அது தெரியாது.

மாலையில் ஆளுயரச் சூரை ஒன்று சிக்கியது. எல்லோரும் அதனோடு போட்டோ எடுத்துக்கொண்டோம். படகுக்காரர் அதன் வயிற்றில் கத்தியை வைத்ததும், பெரியவர் துண்டை விரித்து ஏந்திக்கொண்டு குனிந்தார். உள்ளே மத்தி மீன்கள்தான் இருந்தன.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருக்கு அது ஆறுதலா ஏமாற்றமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.